மருந்தின் பெயரும் மருந்தின் அளவும்



மொழிபெயர்ப்பையே வயிற்றுப் பிழைப்பாகக் கொண்டவன் நான். மத்திய அரசின் சுற்றறிக்கைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தமிழாக்குவது என் அன்றாட வேலை. சில ஆண்டுகளுக்கு முன், குழந்தைகளுக்கு உண்டாகும் வயிற்றுப்போக்கைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்று என் மேசைக்கு வந்தது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும், அதேபோல் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டவேண்டும் என்பது அதில் இருந்த முக்கியமான செய்தி. அவசரத்தில் நான் 'அரைக் கரண்டி உப்பு, ஆறு கரண்டி சர்க்கரை' என்று எழுதிவிட்டேன். எழுதியதை மறுமுறை படித்தும் பார்த்தேன்; பிழையாகத் தோன்றவில்லை.

அச்சுப்படி திருத்தும் முதியவர் ஒருவர், தஞ்சைப் பக்கத்தவர், தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், இது எந்தக் கரண்டி? எங்கள் வீட்டில் கரண்டி என்று சொன்னால் குழம்புக் கரண்டியைத்தான் எடுத்து நீட்டுவார்கள்" என்றார். எனக்கு உடல் வியர்த்துவிட்டது. நீர் வற்றிய குழந்தைக்கு உப்பு மிகுந்துவிட்டால் அது மூளையைத் தாக்கும், வலிப்புக் காணும், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இலக்கணப் பிழை யாதும் இல்லாத ஒரு வாக்கியத்தால் இவ்வளவும் நேர்ந்திருக்கக்கூடும்.

இடைக்கால மருத்துவம் பற்றிப் பேசவந்தவன் கரண்டிக் கதையைச் சொல்வானேன் என்று நீங்கள் எண்ணலாம். அக்காலத்து நோயாளியின் உயிர் இரண்டு கேள்விகளுக்கு இடையே ஊசலாடிக்கொண்டிருந்தது. ஏட்டில் எழுதியுள்ள மருந்து எது? அதை எவ்வளவு கொடுப்பது? இக்கேள்விகளுக்கு விடை தேடி அலைந்தவர்களில் மருத்துவர்களைப்போலவே மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

தில்லியில் வாழும் தமிழர்களுக்கு லோதித் தோட்டம் பழக்கமான இடம். அதன் வடமேற்கு மூலையில், மதில் சூழ்ந்த எண்கோண வடிவக் கல்லறை ஒன்று இருக்கிறது. 1517-ஆம் ஆண்டில் மறைந்த சுல்தான் சிக்கந்தர் லோதி அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். காலையில் உலாவ வருவோர் அதன் படிகளில் அமர்ந்து இளைப்பாறுவார்கள். தம் சர்க்கரை நோயைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். அங்கே உறங்கும் அரசரின் காலத்தில், 1512-ஆம் ஆண்டில், அவருடைய அமைச்சர் மியான் புவா பாரசீக மொழியில் பெரிய மருத்துவ நூல் ஒன்றைத் தொகுத்து, அதை அரசருக்கே உரிமையாக்கினார். 'மஅதனுஷ் ஷிஃபா' என்பது நூலின் பெயர். நோய் தீர்க்கும் சுரங்கம் என்று அதற்குப் பொருள். சரகர், சுசுருதர், வாக்படர், சார்ங்கதரர் முதலியோரின் வடமொழி நூல்களிலிருந்து திரட்டிய செய்திகளே அச்சுரங்கத்தின் பொன்.

பாரசீகம் பேசும் அரசவையில் வடமொழி வைத்திய நூலுக்கு என்ன தேவை வந்தது? முன்னுரையில் அமைச்சர் காரணத்தை வெளிப்படையாகவே சொல்லுகிறார். கிரேக்க மருத்துவம் இந்நாட்டு மக்களின் உடல்வாகுக்கு ஏற்றதாக இல்லை என்பது ஒன்று. மருந்துகளின் பெயர்கள் பாரசீகத்திலும் கிரேக்கத்திலும் இருப்பதால் இங்குள்ளோருக்கு அவை விளங்குவதில்லை என்பதும், விளங்கினாலும் அம்மருந்துகளுள் பல இங்கே கிடைப்பதில்லை என்பதும் மற்றொன்று. முதற் காரணத்தைப் பற்றி மருத்துவர்கள் வாதிடட்டும். இரண்டாவது காரணத்தைப் படித்தபோது, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த அமைச்சர் எங்கள் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவராகவே எனக்குத் தோன்றினார்.

அமைச்சர் கூறிய குறை தில்லிக்குப் புதியதன்று. சுல்தான்களின் தலைநகருக்கு மேற்கேயிருந்து புகழ்பெற்ற மருத்துவர்கள் வந்துகொண்டே இருந்தனர். அலாவுதீன் கில்ஜியின் காலத்தில் இங்கே வாழ்ந்த பத்ருதீன் என்பவர் டமாஸ்கஸ் நகரத்தவர். அவரைப் பற்றி வரலாற்றாசிரியர் பரணி ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார். சில விலங்குகளின் சிறுநீரை ஒரு குப்பியில் கலந்துகொண்டு வந்து காட்டினாலும், பார்த்த மாத்திரத்தில் அவர் புன்னகை செய்து உண்மையைச் சொல்லிவிடுவாராம். தில்லிவாசிகளுள் சிலர் அவரைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்குக் குறும்புக்காரர்களாக இருந்தனர் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பின்னர் 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக், உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற வேற்றுமையின்றி எல்லோருக்கும் பொதுவான மருத்துவசாலை ஒன்றை நிறுவினார். நோயை ஆராய்ந்து அறியவும், பத்தியம் வகுக்கவும், மருந்து கொடுக்கவும் அதில் மருத்துவர்கள் அமர்த்தப்பட்டனர்; அறக்கொடையாக விட்ட சொத்துக்களின் வருவாயிலிருந்து செலவுகள் நடந்தன. நாடியும் நீர்க்குப்பியும் பார்ப்பது, குருதி வாங்குவது, பேதிக்குக் கொடுப்பது, சூடு இடுவது, சருபத்தும் இலேகியமும் கிண்டுவது ஆகியவையே அக்காலச் சிகிச்சை முறைகள். இவற்றுள் பல நம் வைத்தியருக்கும் ஹக்கீமுக்கும் பொதுவானவை. ஆனால் ஹக்கீம் கையில் இருந்த ஏடு இப்னு சீனாவின் மரபில் வந்தது. அதில் கண்ட செடிகள் குராசானிலும் சிரியாவிலும் முளைத்தவை. தில்லிக் கடைத்தெருவில் மூட்டை அவிழ்ப்பவனுக்கு அப்பெயர்களில் பாதி தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையும் அடங்கியிருக்கிறது. மேற்கேயிருந்து வந்த அந்த ஏடுகளுக்குள் இந்திய மருத்துவமும் ஒளிந்துகொண்டிருந்தது. எண்ணூறாம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பாக்தாதில் ஹாரூன் அல் ரஷீத் ஆண்டபோது, மங்கா என்ற இந்திய மருத்துவர் அந்நகரில் இருந்தார். அமைச்சர் யஹ்யா பர்மகி ஆணையிட, அவர் சுசுருதத்தைப் பெயர்த்துத் தந்தார் என்றும், அது அங்குள்ள மருத்துவமனையில் கைநூலாகப் பயன்பட்டது என்றும் பத்தாம் நூற்றாண்டு நூலடைவு ஒன்று கூறுகிறது. தாபரீ என்பவர் 850-ஆம் ஆண்டில் முடித்த மருத்துவக் களஞ்சியத்தில் இந்திய மருத்துவத்துக்கென்றே தனிப் பகுதி ஒன்று உண்டு. கிரேக்கர் கண்டவை குருதி, சளி, மஞ்சட் பித்தம், கரும் பித்தம் என நான்கு. நம்மவர் கண்டவை வாதம், பித்தம், கபம் என மூன்று. மூன்றை நான்காக்கி ஒட்டுப் போடாமல், தாபரீ இதனைத் தனியே எடுத்து வைத்தாரே, அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பொருந்தாததைப் பொருந்தியதாகக் காட்டும் ஆசை எங்கள் தொழிலில் பெரிய வியாதி.

சொற்களும் பயணம் செய்தன. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலை அரபு ஏடுகளில் 'இத்ரீஃபல்' ஆயிற்று. பழைய தில்லியின் பல்லிமாரான் தெருவிலுள்ள யூனானி மருந்துக் கடையில் அப்பெயரால் கேட்டால் இன்றும் எடுத்துக் கொடுப்பார்கள். அது சமர்கந்திலிருந்து வந்த மருந்து என்று எண்ணி வாங்கிச் செல்வோரும் இருக்கலாம்! இவ்வாறு பெயரும் பொருளும் சேர்ந்தே பயணம் செய்தால் கெடுதல் இல்லை. பெயர் ஒருபுறமும் பொருள் ஒருபுறமுமாகப் பிரிந்துவிடும்போதுதான் தொல்லை. வடமொழியில் பிப்பலி என்றால் நம் திப்பிலி. மிளகுக்கு அங்கே மரீசம் என்று வேறு பெயர். ஆனால் பிப்பலி என்ற சொல் மேற்கே சென்று, கிரேக்கத்தில் 'பெப்பெரி' என்றும், அரபியில் 'ஃபில்ஃபில்' என்றும், ஆங்கிலத்தில் 'பெப்பர்' என்றும் உருமாறி, இறுதியில் மிளகின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. திப்பிலியும் மிளகும் ஒரே குலத்துச் செடிகளாதலால் பெருங்கேடு விளையவில்லை. எல்லாச் செடிகளும் இவ்வளவு இரக்கமுள்ளவை அல்ல.

இந்த ஆபத்தை நன்கு உணர்ந்திருந்தவர் அல்பிரூனி. இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய நூலைப் பலரும் அறிவர். முதுமையின் எல்லையில் அவர் தொகுத்த மருந்துப்பொருள் நூலை அறிந்தவர் சிலரே. ஆயிரத்துக்கு மேற்பட்ட சரக்குகளின் பெயர்களை அரபு, கிரேக்கம், சிரியாக்கு, பாரசீகம், இந்திய மொழிகள் எனப் பலவற்றிலும் தேடி அதில் திரட்டிவைத்தார். இளமையில் தம் ஊராகிய குவாரிசத்துக்குக் கிரேக்கர் ஒருவர் வந்திருந்தாராம். தானியம், விதை, கனி, செடி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அவரிடம் கொண்டுபோய், "இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?" என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்வாராம் அல்பிரூனி. அகராதியைப் புரட்டாமல் பொருளையே கையில் எடுத்துக்கொண்டு போன அந்தச் சிறுவனை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அலுவலகத்தில் இருந்தபடியே செடிகளின் பெயர்களை மொழிபெயர்க்கிறோம் நாங்கள். அச்செடிகளில் ஒன்றையேனும் கண்ணால் கண்டிருப்போமா என்பது ஐயமே.

அரபு எழுத்தைப் பற்றி அவர் சொல்லும் குறை நமக்கு எளிதில் விளங்கும். அதில் ஒரே கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் 'ப', மேலே ஒரு புள்ளி வைத்தால் 'ந', மேலே இரண்டு வைத்தால் 'த'. படியெடுப்பவன் புள்ளியை மறந்தாலும் இடம் மாற்றினாலும் ஒரு செடி வேறொரு செடியாகிவிடும். ஓலை கிழியுமே என்று அஞ்சி, மெய்யெழுத்துக்குப் புள்ளியே இடாமல் எழுதிய நம் ஏட்டுச்சுவடிகளைப் படித்தவர்களுக்கு இந்தத் துன்பம் புதிதன்று. செய்யுளில் பாடம் மாறினால் புலவர்கள் சண்டையிட்டுக்கொள்வார்கள், அவ்வளவே. மருந்துச் சுவடியில் பாடம் மாறினால் நோயாளிக்குச் சண்டையிடவும் வாய் இராது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கேலன் என்னும் கிரேக்க மருத்துவரின் நூல்களைப் பெயர்க்குமுன் பல படிகளைத் தேடி ஒப்புநோக்கி, மூலபாடத்தைச் செப்பம் செய்துகொண்ட பிறகே தொடங்குவார். கேலனின் ஒரே ஒரு நூலுக்காக ஈராக்கிலும் சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் எகிப்திலும் அலைந்து, டமாஸ்கஸில் அதன் பாதியளவே கிடைக்கக் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். 'நாளை காலைக்குள் வேண்டும்' என்று அவருக்கு யாரும் குறிப்பு எழுதி அனுப்பவில்லை போலும்.

பெயரைக் கண்டுபிடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அளவு? வடமொழி வைத்திய நூல்களில் மகத நாட்டு அளவு, கலிங்க நாட்டு அளவு என இருவகை உண்டு. நம் சித்த வைத்தியரிடம் குன்றிமணி, பணவெடை, கழஞ்சு, பலம் எல்லாம் உண்டு. மூன்று விரலால் கிள்ளி எடுக்கும் வெருகடிப் பிரமாணமும் உண்டு. விரல் யாருடையது என்று கேட்கக்கூடாது. அரபு ஏடுகளில் திர்ஹம், மிஸ்கால், ரத்ல் என வரும். இந்த ரத்ல்தான் நம் ராத்தலுக்கு மூலச்சொல். மெட்ரிக் அளவு வருமுன் ராத்தல் கணக்கில் காப்பித்தூள் வாங்கிய நம் முன்னோர், தாங்கள் ஓர் அரபுச் சொல்லை உச்சரிப்பதாக எண்ணியிருக்க மாட்டார்கள். இந்த ரத்ல் ஊருக்கு ஊர் மாறும் இயல்புடையது. பாக்தாத் ரத்ல் ஏறத்தாழ நம் 400 கிராம். டமாஸ்கஸ் ரத்லோ அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

அளவின் விளையாட்டை மதுரையிலேயே காணலாம். மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, 1340-களில் அங்கே ஆண்ட சுல்தான் கியாசுதீனிடம் வந்தார். இருவரும் உடன்பிறந்த சகோதரியரை மணந்தவர்கள், ஆகவே உறவுமுறை. அப்போது மதுரையில் கொள்ளைநோய் ஒன்று பரவியிருந்தது. கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில் மாண்டார்கள். நோயில்லாதவள் என்று சொல்லி விற்கப்பட்ட அடிமைப்பெண் ஒருத்தியை யாத்திரிகர் வாங்கினார். மறுநாளே அவள் இறந்தாள். முன்னாளில் அமைச்சராயிருந்த ஒருவரின் மனைவி, எட்டு வயது மகனை அழைத்துக்கொண்டு உதவி கேட்டு வந்தாள். தாயும் மகனும் நல்ல உடல்நலத்துடன் இருந்தனர். யாத்திரிகர் பொருள் கொடுத்து அனுப்பினார். மறுநாள் அந்தத் தாய் திரும்பி வந்தாள், இறந்த மகனைப் போர்த்துவதற்குத் துணி கேட்டு. அரண்மனையும் தப்பவில்லை, சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் மறைந்தனர். எத்தனையோ நகரங்களையும் மன்னர்களையும் வருணித்த அந்த நூலில், என் நெஞ்சை விட்டு அகலாதவள் துணி கேட்டு வந்த அந்தத் தாய்தான்.

இப்னு பதூதாவுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. பிழைக்கமாட்டோம் என்றே எண்ணினார். அவ்வூரில் மிகுதியாகக் கிடைத்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்து நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் பேதியாயிற்று, பிறகு குணமடைந்தார். புளிக்கு அரபியில் 'தமர் ஹிந்தி' என்று பெயர்; இந்தியப் பேரீச்சை என்பது பொருள். ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. பேரீச்சைக்கும் புளிக்கும் யாதோர் உறவும் இல்லை. கொட்டையும் பிசுபிசுப்பும் ஒத்திருப்பதே இப்பெயருக்கு ஆதாரம்! எந்த ஊர் ராத்தல் என்று அவர் சொல்லவில்லை. மதுரைப் புளி காய்ச்சலைத் தீர்த்தது என்று பெருமை கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் மனிதன் மூன்று நாள் பேதியானால் உடலின் நீர் வற்றிவிடும் என்பதை அந்த உப்புநீர்ப் பிரசுரம் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அவர் மருந்தினால் பிழைத்தார் என்பதைவிட, மருந்தையும் தாங்கிக்கொண்டு பிழைத்தார் என்பதே பொருத்தம். குணமானவுடன் அவ்வூரை விட்டுப் புறப்பட அனுமதி கேட்டார் என்பதில் வியப்பில்லை.

சுல்தான் கியாசுதீனுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. உடல் வலிமைக்கென்று யோகி ஒருவர் அவருக்கு மாத்திரைகள் செய்து கொடுத்திருந்தார். அவற்றில் சேர்ந்த சரக்குகளுள் இரும்புத்தூளும் ஒன்று. இரும்பை மருந்தாக்குவது நம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலப் பழக்கம்; அதனால் யோகியைக் குற்றஞ்சாட்ட இடமில்லை. சுல்தான் வேண்டிய அளவுக்குமேல் விழுங்கிவிட்டு நோயில் விழுந்தார் என்று எழுதுகிறார் இப்னு பதூதா. பிறகு அவர் நெடுநாள் உயிர்வாழவில்லை. யோகி அளவைச் சொல்லாமலா இருந்திருப்பார்? சொல்லியிருந்தால், எந்த மொழியில் சொன்னார், இடையே நின்று அதை எடுத்துரைத்தவர் யார் என்றே என் தொழிற்புத்தி கேட்கிறது.

மியான் புவாவின் காலத்துக்குள் இவ்வனுபவங்கள் யாவும் பழங்கதையாகிவிட்டன. முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியிலேயே ஜியா முகம்மது என்பவர் பாரசீகத்தில் எழுதிய மருத்துவத் தொகுப்பில் இந்திய மருந்துகளும் இடம்பெற்றிருந்தன. மியான் புவா இன்னும் துணிந்து ஒருபடி மேலே சென்றார். மருத்துவப் பொதுநெறி, உடலின் அமைப்பு, நோய்நாடலும் சிகிச்சையும் என மூன்று பகுதிகளாக நூலை வகுத்தபோது, சூத்திரஸ்தானம், சாரீரகம், நிதான சிகிச்சை என்ற வடமொழிப் பெயர்களைப் பாரசீக எழுத்தில் அப்படியே வைத்துக்கொண்டார். வழங்கும் சொல் இருக்குமிடத்தில் புதுச்சொல் புனையக்கூடாது என்று இன்று நாங்கள் குழுக் கூடிப் பேசித் தீர்மானிக்கிறோம். அவர் குழு கூட்டியதாகத் தெரியவில்லை. கடையில் மூட்டை அவிழ்ப்பவனுக்கு விளங்கவேண்டும் என்பதே அவருடைய கவலை.

அவர் முடிவு துயரமானது. சிக்கந்தருக்குப்பின் பட்டமேறிய இப்ராகிம் லோதி, தந்தையின் அமைச்சர்மீது ஐயுற்று அவரைச் சிறையிலடைத்தார். சிறையிலேயே அவர் உயிர் நீத்தார். சில ஆண்டுகளில், 1526-இல், பானிபட்டில் இப்ராகிமும் வீழ்ந்தார். லோதி வமிசமும் முடிந்தது. நூல் மட்டும் கைப்படிகளாகப் பல ஊர்களுக்குச் சென்று, ஹக்கீம்களின் பெட்டிகளில் வாழ்ந்தது. 1877-ஆம் ஆண்டில் லட்சுமணபுரியில், அதாவது லக்னோவில், நவல் கிஷோர் அச்சகத்தார் அதனை அச்சிட்டு வெளியிட்டார்கள்.